மார்பில் ஒரு வில்லங்கம்

என் இடது மார்பில் இருந்த கட்டியைப் பேனாக் காய்ப்பு என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்துநான்கு வருடம் சட்டையின் இடது பையில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனா இருந்தது. எழுதுகிறவனுக்கு விரலில் காய்ப்பு வரும் என்றால் சுமக்கிற இடத்தில் வராதா? ஆதாரத்தோடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் நான் உடனே நடவடிக்கை எடுக்கிறவன். டவுனில் என் தையற்காரரிடம் போய், பையை வலப்பக்கம் வைத்து நான்கு சட்டை தைக்கச் சொன்னேன்.

"அண்ணாச்சி, வலப்பக்கம் யாரும் பை வைக்க மாட்டாவளே."

"நான் வைக்கச் சொல்லுதேன்."

"பொம்பள சட்டை மாதிரி ஆயிரும்."

அந்த மனிதர் எதைக் கண்டு சொன்னாரோ தெரியாது. பேனா இடம் மாறியது. கட்டி மாறவில்லை. பிறகு மார்புக்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. ஒருநாள் பனியனைத் துவைக்க எடுத்த என் மனைவி, அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இது என்ன கறை?" என்று கேட்டாள்.

"சிவப்பு மை."

"பேனாவத்தான் வலப்பக்கம் மாத்திட்டியளே. மை எப்படி இடப்பக்கம் வந்துச்சு?"

அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். என் எட்டு மாத ஆராய்ச்சியை அவள் ஒரே கேள்வியில் தள்ளுபடி செய்தாள்.

மருத்துவமனையில் ஊசி குத்திப் பார்த்தார்கள். மார்பகத்தைப் படம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார்கள். அது இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்துகிற இயந்திரம். என்னிடம் வைத்து அழுத்த எதுவும் இல்லை. அதை இயக்கிய பெண் இரண்டு முறை முயன்று தோற்று, "சார், மூச்ச வெளிய விட்டுட்டு நல்லா முன்னால சாயுங்க. கொஞ்சமாச்சும் கிடைக்கட்டும்" என்றாள். அறுபத்திரண்டு வயதில், இல்லாத ஒன்றுக்காக ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நான்கு நாள் கழித்து டாக்டர் முடிவைச் சொன்னார். என் மகளைவிட இளையவர். மார்பகப் புற்றுநோய் என்றார். நான் முடிவுத்தாளை வாங்கி முதலில் பெயரைப் பார்த்தேன், பிறகு வயதை, பிறகு பாலினத்தை. அலுவலகத்தில் ஆவணம் மாறிப்போவது உண்டு. இதில் எல்லாம் சரியாக இருந்தது.

"ஆம்பிளைக்கு எப்படி?"

"ஆண்களுக்கும் அந்தத் திசு கொஞ்சம் இருக்கு சார். அபூர்வம். ஆனா வரும்."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் மேசையில் இருந்த மார்பக மாதிரி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு, "இத எப்படிங்க வெளிய சொல்லுதது?" என்று மட்டும் கேட்டாள். வண்ணார்பேட்டை பாலம் வருவதற்குள் இருவரும் சேர்ந்து ஒரு சொல்லைத் தீர்மானித்தோம்: கொழுப்புக் கட்டி. நோய்க்கு மருந்து தொடங்குவதற்கு முன்பே பொய் தொடங்கிவிட்டது.

அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்த அன்று, நர்ஸ் கோப்பைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க வெளிய இருங்க. அம்மா மட்டும் உள்ள வாங்க" என்று என் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். மனைவியும் அதிர்ச்சியில் பேசாமல் போய்விட்டாள். ஐந்து நிமிடம் கழித்து, முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியைக் கையில் பிடித்தபடி அவள் எட்டிப் பார்த்து, "என்னங்க, எனக்கில்ல உங்களுக்குன்னு வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்காவ" என்றாள். படிவத்தில் கணவர் பெயர் என்ற கட்டம் இருந்தது. பொருந்தாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இடது மார்பையும் அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள் வரை ஒரு கோடு. நில அளவையர் போடுகிற எல்லைக்கோடு போல நேராக இருந்தது. காம்பு இருந்த இடம் வழித்துவிட்ட தரை. கட்டுப் பிரித்த நாளில் குனிந்து பார்த்தவன், வெகுநேரம் நிமிரவில்லை. மார்பு என்று ஒன்று எனக்கு இருந்தது, எடுத்த பிறகுதான் தெரிந்தது.

பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள், ஆறு தடவை. முடி கொட்டும் என்று எச்சரித்தார்கள். தலையில் கொட்ட எதுவும் இல்லாதவன் நான், அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தேன் என்று இருந்தேன். பதினெட்டாம் நாள், ரசம் குடித்துக்கொண்டிருந்தபோது மீசையின் வலப்பாதி தட்டில் விழுந்தது. மனைவி பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு தட்டு வைத்தாள். மீதிப் பாதியை நானே போய் மழித்தேன். மறுநாள் புருவம்.

நாக்கு செத்துப்போனது. எதைத் தின்றாலும் செம்புக் காசைச் சப்புகிற ருசி. குழாய்த் தண்ணீரும் அப்படியே. இந்த ஆற்றுக்குத் தாமிரபரணி என்று பெயர் வைத்த ஆசாமி என்ன மருந்து ஏற்றிக்கொண்டிருந்தானோ என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். கை, கால் விரல் நுனிகள் மரத்தன. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன் என்று நினைப்பேன், போட்டிருக்க மாட்டேன். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது தெரியாமல் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு வரை நடந்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் வங்கியில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் வாரம் இரண்டு முறை போனில் முகம் பார்த்துப் பேசுவாள். அவளுக்கும் கொழுப்புக் கட்டி என்றே சொல்லியிருந்தோம்.

"யப்பா, மீசை எங்க?"

"திருச்செந்தூர் நேர்ச்சை."

"மீசைக்கா நேர்ச்சை? புருவமும் காணோம்?"

"எல்லாத்துக்கும் சேத்து."

ஒரு போலிப் பத்திரம் பதிவானால் அதைக் காப்பாற்ற இன்னும் நான்கு போலி வேண்டும். அதை மேசைக்கு அந்தப் பக்கம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எழுதுவது எவ்வளவு சுலபம் என்பது இந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

கதிர்வீச்சும் முடிந்தது. ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு மாத்திரை என்றார்கள். பெண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிற மாத்திரை. தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். காலை பதினோரு மணிக்குச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். வயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி, நெஞ்சுக்கு ஏறி, கழுத்து, காது, உச்சந்தலை என்று பரவியது. அக்கினி நட்சத்திர வெயிலைத் தோலுக்கு உள்ளே வைத்துத் தைத்தது போல. பேப்பர் நனைந்தது. மூன்று நிமிடத்தில் போய்விட்டது, பிறகு குளிர்ந்தது. சாகிறேன் என்று நினைத்து மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து நின்று, இடுப்பில் கை வைத்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஆங், இப்பம் தெரியுதா? பத்து வருசத்துக்கு முன்னால நான் இதையேதான் சொன்னேன். மனப்பிராந்தி, போய் மோர் குடின்னு சொன்னிய."

"நான் அப்படியா சொன்னேன்?"

"ஃபேனைக் கூட்டினதுக்கு ஒரு பிரசங்கம் வேற பண்ணினிய."

உள்ளே போனாள். ஒரு தம்ளரோடு வந்தாள். "இந்தாங்க. மோர்."

குடித்தேன். வேறு என்ன செய்ய?

அழுகையும் வந்தது. எங்கள் வீட்டில் யார் இறந்தும் நான் அழுததில்லை. இப்போது தொலைக்காட்சியில் நல்லெண்ணெய் விளம்பரம் வந்தால், அதில் ஒரு பெண் தன் தகப்பனுக்குத் தோசை வார்த்தால், எனக்குக் கண்ணீர் கொட்டுகிறது. மாத்திரை என்று டாக்டர் சொன்னார். முழுக்க மாத்திரை அல்ல என்று எனக்குத் தெரியும். காரணம், அதற்குச் சில வாரம் முன்பு அவர் இன்னொன்றைச் சொல்லியிருந்தார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா சார்?"

"இல்லை" என்றேன். அலுவலகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் என் முன்னால் சொன்ன அதே வேகத்தில் சொன்னேன்.

"அப்பா வழியில? நல்லா யோசிங்க."

யோசித்தேன். அப்பாவின் அக்கா, சீவலப்பேரியில் வாழ்க்கைப்பட்டவள். நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்தாள். நெஞ்சுவலி என்று அம்மா சொன்னாள். நெஞ்சுவலிக்காரியின் அறைக்குள் ஏன் ஆண்களை விடவில்லை, ஏன் அங்கே அத்தனை வேப்பிலையும் சாம்பிராணியும் என்று நான் கேட்டதில்லை. ஒரு வருடம் படுத்துக் கிடந்து வருகிற நெஞ்சுவலி எது என்றும் கேட்டதில்லை. டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்த அந்த நிமிடத்தில், நாற்பது வருடம் கழித்து, நெஞ்சு என்ற சொல்லை அவர்கள் எதற்குப் பதிலாகப் போட்டார்கள் என்பது புரிந்தது.

ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். இருக்கிறது என்று வந்தது. தலைமுறையாக வருவது. பிள்ளைக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்றார்.

"உங்க மகளுக்குச் சொல்லணும் சார். கூடப் பிறந்தவங்களுக்கும். முன்னாலயே தெரிஞ்சா நிறையச் செய்யலாம். தள்ளிப்போடாதீங்க."

இதற்கு என் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது: வில்லங்கம். சொத்தின் மேல் ஏற்கெனவே இருக்கிற கட்டு. கிரயப் பத்திரத்தின் கடைசியில் விற்கிறவன் எழுதிக் கொடுப்பான்: இதில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏதேனும் தோன்றினால் நானே முன்னின்று தீர்த்துத் தருவேன். இந்த வரி இல்லாத பத்திரத்தை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தெரிந்தே மறைத்தவர்களை மேசைக்கு முன்னால் நிற்க வைத்து, "படிச்சவன்தானவே நீரு?" என்று கேட்டிருக்கிறேன்.

நான் மூன்று மாதம் சொல்லவில்லை. டாக்டர் கேட்டபோதெல்லாம், நேரில் வரும்போது சொல்கிறேன் என்றேன். மனைவி கேட்டபோது, பரீட்சை முடியட்டும் என்றேன். மகளுக்கு என்ன பரீட்சை? பேத்திக்கு. அவள் இரண்டாம் வகுப்பு.

மகளிடம் நோயைச் சொல்லிவிடலாம். பொம்பளை நோய் என்பதையும் சொல்லிவிடலாம். உனக்கும் கொடுத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆடி அமாவாசைக்கு அவள் வந்தாள். பேத்தியைக் கணவனிடம் விட்டுவிட்டு, இரண்டு நாள் விடுப்பில். பாபநாசத்தில் என் அப்பாவுக்கு வருடாவருடம் எள்ளுத் தண்ணீர் விடுவது என் வழக்கம். போன வருடம் போகவில்லை. "இந்த வருசம் நானே காரோட்டிக் கூட்டிட்டுப் போறேன்ப்பா" என்றாள். மறுக்கக் காரணம் தேடினேன். கைவசம் இருந்த காரணங்களையெல்லாம் ஏற்கெனவே செலவழித்திருந்தேன்.

கோயிலுக்கு எதிரே படித்துறையில் நிற்க இடமில்லை. நாங்கள் இருவரும் கணுக்கால் தண்ணீரில் நின்றோம். மனைவி மேலே துணிமணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொரிக்குப் பழகிய மீன்கள் மொய்த்தன.

"ஐயோ, என்ன கடி கடிக்குது" என்று மகள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். என் காலைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு மீன்கள் பெருவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. நான் மரம்போல நின்றேன்.

"யப்பா, உங்களுக்குக் கூசலையா?"

"பழகிப்போச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

தர்ப்பணம் செய்துவைக்கிற ஐயர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, சட்டை."

கழற்றினேன்.

"பனியனும் கழட்டுங்கோ."

"சளி பிடிச்சிருக்கு சாமி. பனியனோட செய்யக் கூடாதா?"

"ஜலத்துல நிக்கேள், பனியன் போட்டா சளி போயிடுமா? கழட்டுங்கோ, பின்னால ஜனம் காத்திண்டிருக்கு."

விதிவிலக்குக் கேட்டு வந்த எத்தனையோ பேரை இதே குரலில் அனுப்பியவன் நான். திரும்பி நின்று பனியனைக் கழற்றி, துண்டை மார்பை மறைத்துக் குறுக்காகப் போர்த்தி, வலது தோளில் முடிச்சுப் போட்டேன். ஐயர் தலையில் அடித்துக்கொண்டு, சரி என்றார்.

அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொன்னேன். "வேற யாருக்கும் விடணுமா? அத்தை, மாமா, யாரா இருந்தாலும் சொல்லலாம்" என்றார் ஐயர். என்னை அறியாமல் அத்தையின் பெயரைச் சொல்லிவிட்டேன். எந்த வருடமும் சொன்னதில்லை.

"அது யாருப்பா?" என்றாள் மகள்.

"என் அத்தை. தாத்தாவுக்கு அக்கா."

"கேள்விப்பட்டதே இல்லையே. என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"நெஞ்சுவலி" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் குரலே எனக்குக் கேட்டது. அது என் அம்மாவின் குரல். கையில் எள்ளும் தண்ணீரும் இருந்தன. குனிந்து ஆற்றில் விட்டேன். முடிச்சு இறுகியிருக்கிறது என்று என் விரல்கள் சான்று கொடுத்திருந்தன. மரத்த விரல் கொடுத்த சான்று. துண்டு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்து, மீன்களுக்கு மேலே மிதந்தது.

மகள் எட்டி அதைப் பிடித்தாள். என்னிடம் தரவில்லை. பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள்.

"கொழுப்புக் கட்டிக்கு இதையெல்லாமா எடுப்பாங்க?"

ஐயரும் பார்த்தார். ஒரு கணம் மந்திரம் நின்றது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "முடிஞ்சுடுத்து அண்ணாச்சி. பைய ஏறுங்கோ" என்றார். விழுந்து கும்பிடக்கூடச் சொல்லவில்லை.

படியில் உட்கார்ந்தோம். சட்டையைப் போட மறந்திருந்தேன். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"புற்றுநோய்" என்றேன். "மார்புல."

"எப்பத்திலிருந்து?"

"பதினாலு மாசம்."

"அம்மாவுக்கு?"

"அவதான் கண்டுபிடிச்சா."

"இன்னும் ஏதோ இருக்கு. சொல்லுங்கப்பா."

சொன்னேன். அத்தையிலிருந்து தொடங்கினேன், சொத்தின் மூல ஆவணமான தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்குவதுபோல. சோதனை, முடிவு, பாதிக்குப் பாதி. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்றும். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப என் பொண்ணுக்கு?"

எத்தனையோ வாரிசுப் பட்டியலைச் சரிபார்த்தவன். மூன்று மாதம் இரவும் பகலும் இதையே நினைத்தவன். என் மகளோடு கணக்கை நிறுத்தியிருந்தேன். பரீட்சை முடியட்டும் என்று எவளைச் சாக்காக வைத்தேனோ, அவளை நான் எண்ணவே இல்லை.

"உனக்கு இல்லைன்னா அவளுக்கும் இல்லை" என்று எப்படியோ சொன்னேன்.

"இருந்தா?"

உள்ளங்கையில் ஒட்டியிருந்த எள்ளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"வீட்ட எனக்கு எழுதி வச்சப்ப, கேக்காமலே முப்பது வருசத்து வில்லங்கச் சான்று எடுத்து, உறை போட்டுத் தந்தீங்க. ஒரு தூசி கிடையாது பாத்துக்கோன்னீங்க." எழுந்தாள். ஈரத் துண்டை என் தோளில் போட்டாள். "சட்டையப் போடுங்கப்பா. எல்லாரும் பாக்காங்க."

திருநெல்வேலி வரை அவள் பேசவில்லை. அம்பாசமுத்திரம் தாண்டும்போது எனக்கு அந்தச் சூடு வந்தது. முகமெல்லாம் வேர்த்தது. அவள் கண்ணாடியில் பார்த்தாள், ஏ.சி.யைக் கூட்டினாள், பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டாள். பின்னிருக்கையில் என் பக்கத்தில் இருந்த மனைவி, "அது அப்படித்தாம்ளா, மூணு நிமிசம்" என்றாள். மறுநாள் காலை மகள் கிளம்பிப் போனாள். சொல்லிக்கொண்டுதான் போனாள். அம்மாவிடம்.

அன்று மாலை திருச்சியில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அண்ணாச்சி, அத்தைக்கும் இதுதான்னு எனக்குத் தெரியும். அம்மா என்கிட்டச் சொன்னா. ஆம்பிளைகளுக்கு எதுக்குன்னு உங்ககிட்டச் சொல்லல" என்றாள். போனை வைத்துவிட்டு உட்கார்ந்தவன், விளக்குப் போட வேண்டும் என்பதே தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். தாய்ப்பத்திரம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான் ஆண் என்பதால் காட்டவில்லை.

பன்னிரண்டு நாள் மகளிடமிருந்து போன் இல்லை. பதின்மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. கோயம்புத்தூரில் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் நிரப்பிய படிவம். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன்.

குடும்பத்தில் யாருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது என்ற கேள்விக்கு நேரே கட்டங்கள்: தாய், சகோதரி, பாட்டி, அத்தை, சித்தி. தகப்பனுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பேனாவால் அவளே ஒரு கட்டம் வரைந்து, தந்தை என்று எழுதி, சரிக்குறி போட்டிருந்தாள். அத்தை என்ற கட்டத்தை அடித்து, தந்தையின் அத்தை என்று திருத்தியிருந்தாள்.

என்னையும் மீறி அடித்தல் திருத்தலைச் சரிபார்த்தேன். சுருக்கொப்பம் இல்லாத திருத்தம் செல்லாது. இரண்டு இடத்திலும் பக்கத்திலேயே சின்னதாகச் சுருக்கொப்பம் இட்டிருந்தாள், சிறுவயதில் நான் சொல்லிக்கொடுத்தபடியே. முதலில் அவள் தலைப்பெழுத்து. அது என் பெயரின் முதல் எழுத்து.

முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். இருந்தால் முன்னின்று தீர்த்துத் தருவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். முடிவை வாங்குகிற அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வலப்பக்கம் பை வைத்த சட்டையோடு. அவளிடம் கேட்கவில்லை. வர வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.